ஷட்டரை இறக்க விடாத வனஜாக்கா

செய்தி வந்தபோது நான் சூலூரில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கூப்பிட்டது வனஜாக்காவின் மகள் கவிதா.

"மாமா, அம்மா போயிட்டாங்க. காலையில காபி குடுக்கப் போனேன், எந்திரிக்கலைங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. அவளே தொடர்ந்தாள். "இன்னிக்கு முகூர்த்த நாளுங்க மாமா. வீதியில கூட்டம் இருக்கும். எல்லாரும் ஒரே சமயத்துல கடையைச் சாத்திப்போட்டு இங்க கெளம்பி வந்துர வேண்டாம்னு சொல்லிருங்க. அம்மா இருந்தா அதத்தான் சொல்லுவாங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இறந்த அன்றும் ஒப்பணக்கார வீதியின் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வனஜாக்காவால்தான் முடியும். அந்தக் கவலையை மகள் அவர் சார்பில் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

வீதியில் கடை வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். தெரியாத புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய பட்டுக்கடைக்கு இந்தப் பக்கம், என்னுடைய மேட்சிங் பிளவுஸ் துணிக்கடைக்கு அந்தப் பக்கம், இரண்டுக்கும் நடுவில் இருப்பது அக்காவின் பாத்திரக்கடை. கல்யாணச் சீருக்கு வேண்டிய அண்டா, குத்துவிளக்கு, தாம்பாளம் எல்லாம் அங்கே கிடைக்கும். கணவர் இளவயதிலேயே மாரடைப்பில் போய்விட, கவிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தவர். அந்த வரிசையில் கடையை நடத்திய முதல் பெண் அவர்தான் என்று என் அப்பா சொல்வார். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களிடம் பேசும்போது கொங்குத் தமிழ் எங்களைவிட நன்றாக வரும். எல்லோருக்கும் 'ங்க' போடுவார். சுமை தூக்குகிறவருக்கும் போடுவார், போலீஸ் அதிகாரிக்கும் போடுவார்.

ஆனால் வீதியில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. 'பயந்தக்கா.' அவருக்குக் கேட்காத தூரத்தில் சொல்வார்கள். அவருக்கும் அது தெரியும்.

காலையில் கடை திறந்ததும் விளக்கேற்றிவிட்டு என் கடைக்கு வருவார். உள்ளே வந்து உட்கார மாட்டார். வாசலில் நின்றபடி கண்ணால் ஒரு சுற்று சுற்றுவார். "நடராஜ் தம்பி, அந்தப் பொம்மைய வழியில நிறுத்தியிருக்கறீங்களே, பத்துப் பேரு ஓடி வந்தா அதுல தடுக்கி விழுவாங்களே" என்பார். "யாருக்கா ஓடி வர்றது, நடந்து வந்தாலே போதும்னு நான் இருக்கேன்" என்பேன். சிரிப்பார், ஆனால் பொம்மையை நகர்த்தும்வரை போகமாட்டார். பிறகு மாடிப்படி. மாடிப்படியில் துணி மூட்டை அடுக்கியிருந்தால் அன்று எனக்கு வியாபாரம் ஓடாது. மூட்டையை எடுக்கும்வரை ஏதாவது ஒரு சாக்கில் திரும்பத் திரும்ப வருவார்.

ஒருமுறை வியாபாரிகள் சங்கத்தில் வீதியைப் பற்றி ஒரு சிறப்பு மலர் போடலாம் என்று முடிவானது. வீதியின் வரலாறு, அதன் சிறப்புகள் பற்றிய கட்டுரையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அக்காவிடம் கேட்டால் நிறையக் கிடைக்கும் என்று பேனாவோடு போய் உட்கார்ந்தேன்.

"பெருமையச் சொல்லோணுமாக்கும்" என்று ஆரம்பித்தார். "ஒப்பணக்காரருன்னா எங்க தெலுங்கு வியாபாரிங்கதான்னு எங்க மாமனாரு சொல்லுவாரு. வேற ஆளுங்க வேற கதை சொல்லுவாங்க. யாரு பேரா வேணா இருக்கட்டுங்க. மாட்டுவண்டி எதிரெதிர வந்தா ஒதுங்கிப் போற அளவுக்குப் போட்ட வீதி. இப்ப வர்ற ஜனத்துக்கு அது போதுமான்னு எழுதுங்க."

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். மில்களில் போனஸ் போட்ட காலத்தைக் கேட்டேன். ஷிப்டு முடிந்து குடும்பம் குடும்பமாக வந்து துணியும் பாத்திரமும் வாங்கிப்போன அந்த நாட்களைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. காங்கேயத்திலிருந்தும் பல்லடத்திலிருந்தும் கல்யாண வீட்டுக்காரர்கள் வேன் பிடித்து வந்து, காலையில் பட்டு, மத்தியானம் பாத்திரம், சாயங்காலம் நகை என்று ஒரே வீதியில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு போவார்கள். மேட்டுப்பாளையத்து மண்டிக்காரர் ஒருவர் மூன்று மகள்களுக்கும் அக்கா கடையில்தான் சீர் எடுத்தார். மாசியில் கோனியம்மன் தேர் எங்கள் வீதி வழியாகத் திரும்பும். அன்று கடைக்காரர்கள் எல்லோரும் வாசலில் தண்ணீர்ப்பந்தல் போட்டு நிற்போம். சந்துக்குள் வளையல் கடைகள், மணிக்கூண்டுப் பக்கம் நடைபாதைக் கடைகள், வெந்த காளானைத் தட்டில் கொத்திப் போடும் தள்ளுவண்டி, உக்கடம் பக்கத்திலிருந்து வரும் மீன் வாடை. எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிக்கொண்டே வந்து ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு பயத்தைச் சேர்த்தார். தேர் திரும்பும் இடத்தில் குழந்தைகள் நிற்கின்றன. வளையல் சந்துக்கு உள்ளே போக வழி உண்டு, வெளியே போக வழி இல்லை. காளான் வண்டியின் கேஸ் சிலிண்டர் வெயிலில் நிற்கிறது.

"அக்கா, இதைப் படிச்சா ஒருத்தரும் வீதிக்கே வரமாட்டாங்க" என்றேன்.

"வரட்டுங்க தம்பி. வந்தவங்க பத்தரமா ஊடு போய்ச் சேரோணும். அதுவும் வீதியோட பெருமைதானுங்க" என்றார்.

மலரில் அவர் சொன்ன பெருமைகளை எழுதினேன். பயங்களை எழுதவில்லை. சங்கத்தில் வேண்டாம் என்றார்கள்.

அவர் ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. ஐப்பசியில் ஒரு மழை மத்தியானம், வீதியில் ஆளே இல்லை. என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னார்.

கல்யாணமான புதிதில், கவிதா வயிற்றில் இருந்தபோது, தீபாவளிக்கு முந்தைய வாரம் மாமியாரோடு துணி எடுக்க வந்திருக்கிறார். எங்கோ அடிதடி என்று ஒரு வதந்தி. கடைகள் எல்லாம் சடசடவென்று ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வீதியில் இருந்த கூட்டம் எங்கே போகும்? முன்னும் பின்னும் தள்ளியது. மாமியார் கை விட்டுப்போனது. அக்கா ஒரு கடையின் மூடிய ஷட்டரில் நசுங்கி நின்றிருக்கிறார்.

"வவுத்தக் காப்பாத்தறதுக்கு ரெண்டு கையையும் முன்னால வச்சுக்கிட்டேன். ஷட்டருக்குள்ள ஆளு இருக்காங்க. பேசறது கேக்குது. ஒரு கொழந்த தண்ணி கேக்கறது கூடக் கேட்டுதுங்க. தட்டறேன், தட்டறேன், தொறக்கல. வளவி ஒடஞ்சு கையக் கிழிச்சிருச்சு. அப்பறம் கூட்டம் தானாக் கலஞ்சுது. எனக்கு ஒண்ணும் ஆகல. கவிதாவும் நல்லாப் பொறந்தா."

"உள்ளே இருந்தவங்க மேல கோபம் இல்லீங்களாக்கா?"

"அவங்களும் பயந்துதானுங்க இருந்திருப்பாங்க. நான் அந்தக் கடைக்கு உள்ள இருந்திருந்தா நானும் தொறந்திருக்க மாட்டேன். அதுதான் எனக்குப் பயமே."

அதன் பிறகு அவரைப் 'பயந்தக்கா' என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் வரிசைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. எல்லாக் கடைக்கும் அதில் ஒரு பின் கதவு. அந்தச் சந்து அடுத்த வீதியில் போய்ச் சேரும். அப்போது சந்து முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகள். பின் கதவுகளில் பாதி துருப்பிடித்துத் திறக்கவே திறக்காது. அக்கா அதைக் கையில் எடுத்தார். சங்கக் கூட்டம் ஒவ்வொன்றிலும் எழுந்து நிற்பார். குரல் நடுங்கும். ஏதாவது நடந்தால் ஷட்டரை இறக்கக் கூடாது, ஏற்றிவைத்து ஜனத்தைப் பின் வழியாக அனுப்ப வேண்டும், அதற்குச் சந்து காலியாக இருக்க வேண்டும் என்பார்.

பட்டுக்கடை சுப்பிரமணியம் அண்ணன் நேருக்கு நேர் கேட்டார். "ஏனுங் வனஜாக்கா, கலாட்டா சமயத்துல கடையத் தொறந்து வச்சா சரக்கு மிஞ்சுமுங்களா? உங்குளுது அண்டா, தூக்கிட்டு ஓட முடியாது. என்னுது பட்டு."

"போனாப் போகுதுங்க" என்றார் அக்கா.

"உங்களுக்குப் போனாப் போகுது. எனக்கு?"

அக்கா உட்கார்ந்துவிட்டார். ஆனால் மறுநாள் காலை சந்தில் அட்டைப்பெட்டிகளைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். துருப்பிடித்த தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் விட்டோம். பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வேறு சில கடைக்காரர்களும் ஆள் அனுப்பினார்கள். சுப்பிரமணியம் அண்ணன் அனுப்பவில்லை. ஆனால் தன் பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இனி அந்தத் தீபாவளியைச் சொல்ல வேண்டும். உங்களில் பலரும் அன்று அங்கே இருந்தீர்கள். ஆனால் அவரவர் கடைக்குள் இருந்ததால் ஆளுக்கு ஒரு துண்டுதான் தெரியும்.

பண்டிகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. விளக்கு வைக்கும் நேரம், லேசான தூறல். வீதியில் தலைகள்தான் தெரிந்தன, தரை தெரியவில்லை. அக்கா காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தார். மூன்று தடவை பின் கதவைத் திறந்து பார்த்தார். நாலாவது தடவை போகும்போது, "அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்று நானே சொன்னேன்.

எதிர்வரிசை மின்கம்பத்தில் பெரிய சத்தம். பொறி கொட்டியது. அறுந்த கம்பி ஒன்று நடைபாதைக் கடையின் தார்ப்பாய் மேல் விழுந்து, தார்ப்பாய் தீப்பிடித்தது. வீதி முழுக்க விளக்கு அணைந்தது. "ரோட்டுல கரண்ட் பாயுது" என்று யாரோ கத்தினார்கள். அது போதும். அங்கே இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பித் தள்ளினார்கள். நடந்தது தெரியாத மணிக்கூண்டுப் பக்கத்துக் கூட்டம் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் வரிசைக்கு முன்னால் இருந்தார்கள். அதற்குள் ஷட்டர்கள் இறங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது.

என் கடையில் வேலைபார்க்கும் செல்வியின் கையும் ஷட்டர் கம்பியில்தான் இருந்தது. அப்போது பக்கத்தில் தாம்பாளத்தைக் கரண்டியால் அடிக்கும் ஓசை. திரும்பிப் பார்த்தேன். அக்கா தன் கடை வாசலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று அடித்துக்கொண்டிருந்தார். செல்போன் வெளிச்சங்களில் அவர் முகம் விட்டுவிட்டுத் தெரிந்தது.

"உள்ள வாங்க. பின்னால வழி இருக்குதுங்க. தள்ளாதீங்க. கொழந்தைகளத் தூக்கிக்குங்க. உள்ள வாங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நடராஜ் தம்பி, ஷட்டர ஏத்துங்க, பின்கதவத் தொறங்க" என்றார். சங்கக் கூட்டத்தில் நடுங்கிய குரல் அன்று நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான். உண்மையில் நடுங்கியது. நடுக்கத்தோடேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்வி கம்பியை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்தாள். ஜனம் உள்ளே வந்தது. பயந்த ஜனம் சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன். பலரிடமிருந்து மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நானும் செல்வியும் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு "நேராப் போங்க, நேராப் போங்க" என்று சொல்லி அனுப்பினோம். அக்கா கடையில் அண்டாக்கள் உருளும் ஓசை இடைவிடாமல் கேட்டது.

எங்கள் இரண்டு கடையும் போதவில்லை. பட்டுக்கடையின் வாசல்தான் அகலம். அது மூடியிருந்தது. அதன் ஷட்டர் மேல் பெண்கள் சாய்ந்து நசுங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கினார். சுவரை ஒட்டியே உடம்பைத் தேய்த்துக்கொண்டு அந்த ஷட்டர்வரை போனார். இரண்டு கையாலும் தட்டினார்.

"சுப்பிரமணியண்ணா, நான் வனஜா. நான்தானுங்க தட்டறேன். தொறங்க."

உள்ளே சத்தமில்லை. மறுபடி தட்டினார். "எம்பட கைதானுங்க அண்ணா. தொறந்துருங்க."

ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு முழுவதும் ஏறியது. சுப்பிரமணியம் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கீழே விழ இருந்த ஒரு அம்மாவை அவர்தான் கை கொடுத்து உள்ளே இழுத்தார்.

மின்சாரத்தை முழுக்க நிறுத்தித் தீயை அணைத்தார்கள். அன்று ஓர் உயிரும் போகவில்லை. ஒரு பெரியவருக்கு மணிக்கட்டு முறிந்தது. தொலைந்த குழந்தைகள் சந்தின் மறுமுனையில் தாய்மாரிடம் சேர்ந்தன. பட்டுக்கடையில் ஒரு புடவைகூடக் குறையவில்லை என்று சுப்பிரமணியம் அண்ணன் பின்பு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் மட்டும் ஒருநாள் வேறொன்று சொன்னார். "அக்கா பேரச் சொல்லித் தட்டுனதால தொறந்தேனுங்க தம்பி. கூட்டம் தட்டியிருந்தா தொறந்திருப்பேனான்னு எனக்கே தெரியல."

மறுநாள் காலை நான் போனபோது அக்கா கடை நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நசுங்கிய பாத்திரங்கள். அவர் முன்னால் செருப்புக் குவியல். ஜோடி ஜோடியாகப் பிரித்து வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார். "தேடிக்கிட்டு வருவாங்க தம்பி" என்றார். வந்தார்கள். ஒரு சின்னஞ்சிறு செருப்புக்கு மட்டும் ஆள் வரவில்லை. அது யாருடையது, அந்தக் குழந்தை வீடு போய்ச் சேர்ந்ததா என்று பண்டிகை முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்து, சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார். அன்றுதான் அக்கா நிம்மதியாகச் சாப்பிட்டார் என்று கவிதா சொன்னாள்.

சங்கத்தில் பாராட்டு விழா நடத்த நினைத்தோம். மண்டபம் பார்த்தாகிவிட்டது. அக்கா மண்டபத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வாசல் ஒண்ணுதான் இருக்குதுங்க. வேண்டாம்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. விழா நடக்கவில்லை.

ஜனத்தைக் காப்பாற்றிய பிறகாவது அவர் பயம் தணியும் என்று நினைத்தேன். கூடியதுதான் மிச்சம். "அன்னிக்கு நாம இருந்தோம். நாம இல்லாத அன்னிக்கு?" என்பார். உடம்பு தளர்ந்து, கடைக்கு வருவது நின்று, சிறுநீரகச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களிலும் சாயங்காலமானால் என்னைக் கூப்பிடுவார். வீதியில் கூட்டம் எப்படி, மழை வருமா, புதிதாக வந்த செல்போன் கடைக்காரர் பின் கதவைப் பூட்டிவைக்கிறாரா என்று கேட்பார். நான் "எல்லாம் நல்லா இருக்குதுங்கக்கா" என்பேன். "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. நல்லா இருக்குதுன்னு யாராச்சும் சொன்னாத்தான் எனக்குப் பக்குனு இருக்குது" என்பார்.

கடைசியாகப் பார்த்தபோது அதிகம் பேசவில்லை. வீங்கிய கையை என் கைமேல் வைத்தார். "என்னையப் பயந்தவன்னு சொல்லுவாங்க தெரியுமுங்க. பயப்படறதுக்கு ஒரு ஆளு வேணும் தம்பி. மத்தவங்க நிம்மதியாப் பண்டம் வாங்கோணுமில்ல" என்றார்.

அவர் போன அன்று கவிதா சொன்னபடியே செய்தோம். வரிசையில் பாதிப் பேர் காலையில் போனோம், பாதிப் பேர் மத்தியானம் போனார்கள். சுப்பிரமணியம் அண்ணன் இரண்டு தடவையும் வந்தார்.

இப்போது ஆடித் தள்ளுபடி. அடுத்து தீபாவளி வரும். சந்துக்குள் புது அட்டைப்பெட்டிகள் மெல்ல மெல்ல வந்து உட்கார ஆரம்பித்திருக்கின்றன. அக்கா தானாகவே பார்த்துவந்த பாதுகாப்பு வேலைக்குச் சங்கத்தில் ஆள் கேட்டார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். வீதியில் ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொல்கிறேன். முகம் சுளிக்கிறார்கள். எனக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. என்ன பெயர் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நல்ல மனிதர்கள் போகும்போது நமக்குத் தைரியத்தை விட்டுச் செல்கிறார்கள் என்று சொல்வது வழக்கம். வனஜாக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய பயம்தான். முன்பெல்லாம் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வியாபாரம் தெரியும். இப்போது அதில் கைக்குழந்தைகளும் ஊன்றுகோல்களும் முதலில் தெரிகின்றன. அது சுகமான சொத்து இல்லை. ஆனாலும் இதை யாரிடமும் இறக்கிவைக்க எனக்கு மனமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடையில் எனக்கு வேலை முடிந்திருந்தது. வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இன்னும் கெளம்பலீங்களா?"

வாசலில் நின்றபடி வீதியைப் பார்த்தேன். ஒரு பெண் தோளில் தூங்கும் குழந்தையோடு, கட்டைப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

"கூட்டம் கொஞ்சம் கலையட்டும்," என்றேன், "வாரேன்."